தூணுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி

பெயர் போடமாட்டேன். சிங்கப்பூரில் அராப் ஸ்திரீட் பக்கம், ஒரு கடைவீட்டு மாடி. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டோடு ஃபிளமெங்கோ என்கிற ஸ்பானிய ஆட்டபாட்டம் வைக்கிற உணவகம். இவ்வளவு போதும். எழுதத் தொடங்கியபோதே மகள், “அப்பா, குறை சொல்றதா இருந்தா பேரை மட்டும் போட்டுடாதீங்க” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான், எங்கள் கல்யாண நாளுக்கு. “பழைய இங்கிலீஷ் பாட்டையெல்லாம் ஃபிளமெங்கோவா மாத்தி வாசிப்பாங்களாம், உங்களுக்குப் பிடிக்கும்” என்றாள். எனக்கு உடனே பிடிக்கவில்லை. நாற்பது வருஷமாகக் கல்யாண வீடுகளிலும் சமூக மன்றங்களிலும் மெல்லிசைக் குழுவில் தபேலா, டோலக், இப்போது கடைசியாக, தாளங்களை நம்பர் போட்டு வைத்திருக்கிற ரிதம் பேட் என்ற மின்கருவி வாசிக்கிறவன் நான். பகலில் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன், ராத்திரியில் தாளம். பட்டறையிலிருந்து ஓய்வு வந்துவிட்டது, தாளத்திலிருந்து இன்னும் வரவில்லை. ‘இரண்டையும் கலந்து தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், பாதி நேரம் இரண்டையும் சரியாகத் தெரியாதவர்கள் சொல்வதாகத்தான் இருக்கும். நானே அப்படிச் சில பாவங்கள் செய்திருக்கிறேன். ஒரு வரவேற்பில் தவிலையும் டிஸ்கோவையும் சேர்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

போன கதைக்கு வருகிறேன். தலைக்கு 68 வெள்ளி, அதன்மேல் பிளஸ் பிளஸ். சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, அதற்கும் மேலே ஜிஎஸ்டி ஒன்பது. ஆளுக்கு 81 வெள்ளி 53 காசு. இரண்டு பேருக்கு 163 வெள்ளியைத் தாண்டிவிட்டது. குடிப்பது தனிக் கணக்கு. நான் தண்ணீர் கேட்டேன். பாட்டில் தண்ணீர் வந்தது, அதற்கும் காசு. குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரம்மாவுக்குச் சைவம், முட்டையும் ஆகாது. இதை மகள் முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருந்தாள். இருந்தும் முதலில் வந்தது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தடியாகச் சுட்ட தோர்த்தியா. திருப்பி அனுப்பினோம். மன்னிப்புக் கேட்டு, பதிலுக்குச் சின்னச் சின்னப் பச்சைமிளகாயை எண்ணெயில் வதக்கி உப்புக்கல் தூவிக் கொண்டுவந்தார்கள். ஸ்பெயினில் பாத்ரோன் என்ற ஊர்ப்பக்கத்து மிளகாயாம். பெரும்பாலும் காரமே இல்லை, திடீரென்று ஒன்று மட்டும் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். எது என்று தெரியாமல் கடிப்பதுதான் விளையாட்டு. அன்றைய சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது அதுதான். தக்காளியை அரைத்து ஜில்லென்று கொடுத்த சூப்பை அவள் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “ரசத்தை ஐஸ்பெட்டியில மறந்துட்டாங்க” என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். சாப்பாட்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இடம்தான் பெரிய குறை. ‘மேடைக்கு முன்’ என்று பதிவு செய்த இரண்டு நாற்காலியும் ஒரு தூணுக்குப் பின்னால். பழைய கடைவீடுகளில் தூண் இருக்கத்தான் செய்யும், அதற்கு யாரும் பொறுப்பில்லை. தூணுக்குப் பின்னால் இருப்பதை ‘முன்’ என்று விற்றதற்குப் பொறுப்பு உண்டு. எனக்குக் கிட்டார்க்காரரின் இடது கை தெரிந்தது, அவளுக்கு வலது கை. இருவரும் சேர்ந்தால் ஒரு முழுக் கிட்டார். எட்டு மணி என்று போட்டு எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கினார்கள். நம்முடைய கலைநிகழ்ச்சிகளுக்குப் பழகிய எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை, பக்கத்து மேசை வெள்ளைக்காரர் மட்டும் மூன்று முறை கடிகாரம் பார்த்தார்.

குழுவில் நாலே பேர். ஸ்பானிய கிட்டார்க்காரர், நடுவயது, அதிகம் சிரிக்காதவர். பாடியது பிலிப்பினோப் பெண்மணி. ஹோட்டல் லவுஞ்சுகளில் பல வருஷம் பாடிய குரல் என்று முதல் வரியிலேயே தெரிந்தது, சுருதி அசையவே இல்லை. ஆடியவர் ஜப்பானியப் பெண். ஜப்பானில் ஃபிளமெங்கோ பள்ளிகள் ஏராளம் என்று படித்திருந்ததால் ஆச்சரியப்படவில்லை. தாளம் போட்டது நம்மூர் மலாய்ப் பையன், கஹோன் என்ற மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஃபிளமெங்கோ என்றாலே இப்போது கஹோன்தான் கண்ணுக்கு வரும். ஆனால் அது ஸ்பெயினுடையதே அல்ல. பெரு நாட்டுக் கடற்கரையில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சரக்குப் பெட்டிகளைத் தட்டி வாசித்ததிலிருந்து வந்தது. 1977ல் லிமாவுக்குப் போன கிட்டார் மேதை பாகோ தெ லூசியா அதைப் பார்த்து ஊருக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் ஃபிளமெங்கோவில் தாளமென்றால் பெரும்பாலும் கைதட்டு, கால்தட்டு, கிட்டார் மரத்தில் விரல்தட்டுதான். ‘மரபு மாறக்கூடாது’ என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சின்ன வயதில் காலியான பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு அம்மாவிடம் அடிவாங்கிக்கொண்டே தாளம் படித்தவன் நான். சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு வாத்தியம் பிறந்தது என்றால் நம்புவேன்.

முதல் பகுதி முழுக்க ரும்பா என்கிற துள்ளல் நடை. தொடக்கம் ‘வொலாரே’. 1958ல் இத்தாலியின் சான்ரெமோ விழாவில் தொமெனிக்கோ மொதுன்யோ பாடி முதல் பரிசு வாங்கியது. அமெரிக்காவில் கிராமி விருது தொடங்கிய முதல் வருஷமே ஆண்டின் சிறந்த பாடல் இதுதான். ரும்பாவாக உலகம் முழுக்கத் திரும்பக் கொண்டுபோனது ஜிப்ஸி கிங்ஸ் குழு, 1989ல். அறிவிப்பாளர் ‘ஸ்பெயினின் ஜிப்ஸி கிங்ஸ்’ என்றார். அவர்கள் தெற்குப் பிரான்ஸ்காரர்கள். ஆர்ல், மொன்பெலியே பக்கம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஸ்பெயினிலிருந்து ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். மைக்கைப் பிடிக்கிறவர் இதையாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

வொலாரே நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், ஓ ஓ என்று சேர்ந்து பாடினார்கள். எனக்கு மட்டும் ஏற்கெனவே ஒருத்தர் சமைத்ததைச் சூடு பண்ணிக் கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்தது பீட்டில்ஸின் ‘ஆல் மை லவிங்’. அதையும் 1991லேயே பார்சலோனாவின் லோஸ் மனோலோஸ் குழுவினர் ரும்பாவாக்கிவிட்டார்கள்; மறுவருஷம் அந்த ஊர் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் மேடையேறினார்கள். ஆனால் இந்தப் பாட்டில் கிட்டார்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூணைத் தாண்டி அவளுடைய பக்கம் சாய்ந்து நான் அந்த வலது கையைப் பார்த்தேன்.

பார்சலோனாவின் ஜிப்சிகள் உண்டாக்கிய ரும்பாவுக்கு ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. பெயர் வென்டிலாடோர், அதாவது மின்விசிறி. மணிக்கட்டு விசிறிபோலச் சுழல, நரம்பை மீட்டும் அதே வீச்சில் உள்ளங்கையும் விரலும் கிட்டாரின் மரத்தில் விழும். அதை ஊரறியச் செய்தவர் பெரெட். 1971ல் ‘பொரிகீத்தோ’ என்று ஒரு பாட்டால் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். ஒரே ஆள் கிட்டாரும் தபேலாவும் வாசிக்கிற மாதிரி இருக்கும். எங்கள் குழுவில் கிட்டார்க்காரர் வராத நாளில் நான் கஷ்டப்பட்டிருக்கிறேன், நான் வராத நாளில் கிட்டார்க்காரர் கஷ்டப்பட்டிருக்கிறார். பார்சலோனாக்காரன் இரண்டு சம்பளத்தையும் ஒரே கையில் வாங்கியிருக்கிறான்.

பாட்டைக் கலப்பது என்றால் எனக்கு இதுதான். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நடையைக் கழற்றிவிட்டு வேறு நடையில் உட்கார வைப்பது. அது உட்காரும்போது பாட்டின் சொற்களே வேறு இடத்தில் அழுந்தி விழவேண்டும். விழவில்லை என்றால் வெறும் வேஷம்.

வேஷத்தை இரண்டாம் பகுதியில் காட்டினார்கள். மடிக்கணினியிலிருந்து டிரம் லூப், அதாவது பதிவு செய்த ஒரே தாளம், திரும்பத் திரும்ப ஓடியது. கஹோன் பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாடகி ஒரு பழைய காதல் பாட்டைப் பாட, அதன்மேல் சப்ளாக்கட்டை மாதிரிக் காஸ்டனெட் மட்டும் டகடகவென்று. சாதத்தின்மேல் கொத்தமல்லி தூவினால் அது பிரியாணி ஆகிவிடுமா? இத்தனைக்கும் மேடைமேல் மூன்று நல்ல கைகள் சும்மா இருந்தன. இதுபோல மூன்று பாட்டு. நான் மிச்சமிருந்த மிளகாயைத் தின்று முடித்தேன்.

ஒலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தொழில் இது. மர மாடியின்மேல் ஒரு பலகை போட்டு, அதன்கீழ் மைக் வைத்து ஆடவிட்டிருந்தார்கள். பலகை அதிர, மாடியும் அதிர, ஒவ்வொரு கால்தட்டுக்கும் ஸ்பீக்கரில் லாரிக் கதவு சாத்துகிற ‘தொம்’. ஆட்டக்காரரின் குதிகால் வேறு, நுனிக்கால் வேறு, இரண்டுக்கும் நடுவில் ஊசிமாதிரி ஒரு தட்டு, எல்லாம் அந்தத் தொம்மில் கரைந்துவிட்டது. பலகைக்கு அடியில் ரப்பர் பாய் விரித்து, ஒலியைச் சரிசெய்கிற மிக்சரில் அடிச்சத்தத்தை (பேஸ்) கொஞ்சம் வெட்டியிருந்தால் போதும். இடைவேளையில் மிக்சருக்கு அருகிலிருந்த தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். முறைக்கவில்லை, தலையாட்டிவிட்டு ஒரு குமிழைத் திருப்பினான். மூன்றாம் பகுதி உருப்பட்டதற்கு அந்தத் தம்பிக்கும் பங்கு உண்டு.

அதே இடைவேளையில் கஹோன் பையனிடமும் பேசினேன். சின்ன வயதிலிருந்து கோம்பாங் என்ற மலாய்க் கைமேளம் வாசிக்கிறானாம், கல்யாணங்களுக்கு. “நானும் கல்யாணத்துக்குத்தான்” என்றேன். இருவருக்கும் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கச் சொல்கிற வீடுகள்மீது ஒரே கோபம்.

மூன்றாம் பகுதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாடகி தனியாக, தாளமில்லாமல் ‘கே செரா செரா’வைத் தொடங்கினார். 1956ல் அமெரிக்க நடிகை டோரிஸ் டே பாடி ஆஸ்கர் வாங்கிய பாட்டு. எங்கள் மாமா கிட்டாரில் முதலில் பழகியது இதைத்தான். அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1961ல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்ததை நேரில் பார்த்துவிட்டு வந்து கிட்டார் வாங்கினார். பிறகு எழுபதுகளில் நீளமுடி வைத்த ஆண்களை அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்று அறிவிப்பு மாட்டிய காலம் வந்தது. அவர் முடியை வெட்டினார், கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நான் பிஸ்கட் தகரத்தில் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த ஒரே பாட்டு இது. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. சொல்லிக்கொடுக்கவே வேண்டாத நடை.

அந்த நடையைத்தான் அன்று கழற்றினார்கள். இரண்டாவது சுற்றில் ஆட்டக்காரரும் பையனும் கைதட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் பிடிபடவில்லை. மூன்று மூன்றாகப் போகிறது, சரி. திடீரென்று எங்கேயோ நழுவுகிறது. மறுபடி சரியாக வந்து சேருகிறது. மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு. புலேரியா என்கிற சுற்று அது; ஃபிளமெங்கோவில் இதைத் தாண்டித்தான் ஒருவன் ஆளாகவேண்டும் என்பார்கள். பன்னிரண்டும் சமமாகப் பிரியவில்லை: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. நம் வாய்க்கு வருகிற மாதிரிச் சொன்னால்,

தகிட தகிட தக தக தக.

சொல்லிப் பாருங்கள், நாற்காலியில் உட்கார முடியாது. பழைய பாட்டின் நாலு மூன்றையும் கூட்டினால் அதே பன்னிரண்டுதான். முதல் இரண்டு மூன்றையும் தொடாமல் விட்டுவிட்டு, பின்னாலிருக்கும் ஆறை மட்டும் மூன்று இரண்டாக உடைத்துவிட்டார்கள். அதனால் வரியின் முதல்பாதி அம்மா மடியில் படுத்துக் கேட்ட அதே தாலாட்டு. பின்பாதியில் தரை விலகுகிறது. என்ன நடக்குமோ என்று ஒரு சின்னப்பெண் கேட்கிற பாட்டு அது. அந்தக் கேள்வி வருகிற இடத்திலேயே தாளமும் தடுமாறினால்? பாடகியின் லவுஞ்சுக் குரல்கூட அங்கே கொஞ்சம் உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தாரா, தானாக உடைந்ததா, தெரியாது. இரண்டுமே சரிதான்.

கிட்டார் தனியாக எழுந்தபோது வீட்டுக்காரம்மா என் கையைத் தட்டினாள். அவள் முறையாகப் பாட்டுக் கற்றவள், கோயிலில் தேவாரம் பாடுகிறவள். “வகுளாபரணம் மாதிரி இருக்கு இல்லைங்க?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இல்ல, காந்தாரத்தைக் குறைச்சுட்டான், தோடிப் பக்கம் போறான். அட, திரும்பி வந்துட்டான்.” சுத்த ரிஷபத்தில் நின்றுகொண்டு இரண்டு காந்தாரத்தையும் மாற்றி மாற்றித் தொடுகிறானாம். எனக்கு ரிஷபமும் காந்தாரமும் அவள் சொன்னால்தான் தெரியும். ஆனால் சிரிப்பும் பாட்டுமாக இருந்த ஒரு மெட்டு, வரி முடியும்போது நாலு படி இறங்கி, வீட்டு வாசலுக்கு வந்தும் உள்ளே போகாமல் நிற்கிற மாதிரி முடிந்ததை நானும் கேட்டேன்.

அடுத்த சுற்றுக்கு அவள் வாய்க்குள்ளேயே பாட ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில் இல்லை. ‘சின்னப் பெண்ணான போதிலே’. 1957ல் வந்த ஆரவல்லியில் ஜி. ராமநாதன் இசையில் டி. எஸ். பகவதியோடு ஜிக்கி பாடியது, இதே மெட்டு. டோரிஸ் டே பாடிய மறுவருஷமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்காரர்கள் அதைத் தமிழாக்கிவிட்டார்கள். ஸ்பானியக் கிட்டார், பிலிப்பினோக் குரல், ஜப்பானியக் கால், மலாய்க் கை, இந்தப் பக்கம் தூணுக்குப் பின்னால் ஜிக்கி. தாளம் தப்பினாளா என்றால், இல்லை. தக தக தகவில் சொல்லை நெருக்கி, தகிடவில் விட்டுப்பிடித்தாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக வீட்டில் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் வெளியே பாடகி தேடியிருக்கிறேன்.

முடிந்ததும் யாரோ ‘ஓலே’ என்று கத்தினார்கள். நான் ‘பலே’ என்றேன். பக்கத்து மேசைக்காரர் அதையும் ஓலே என்றே நினைத்திருப்பார்.

போகலாமா என்று கேட்டால், போங்கள். ஆனால் போன் பண்ணித் தூண் எங்கே என்று கேளுங்கள். சுவரோரம், மிக்சர் பக்கத்து மேசைதான் நல்லது. சத்தம் அங்கேதான் நேராக வருகிறது, எந்த ஊரிலும் அப்படித்தான். சைவம் என்றால் முட்டை இல்லை என்று வாயால் இன்னொரு முறை சொல்லுங்கள். வீட்டிலேயே கொஞ்சம் பசியாறிவிட்டுப் போவதும் நல்லது. நாங்கள் இறங்கி வந்து தேக்கா பக்கம் தோசை சாப்பிட்டோம். இரண்டாம் பகுதியில் கழிவறைக்குப் போய்வரலாம், ஒன்றும் நஷ்டமில்லை. பத்தரைக்கு முடித்துவிடுகிறார்கள், அதனால் எம்ஆர்டி ரயில் கிடைக்கும்.

போன சனிக்கிழமை ஒத்திகையில் எங்கள் பையன்களிடம் ‘சின்னப் பெண்ணான போதிலே’வை எடுத்தேன். டோலக்கில் தகிட தகிட தக தக தக என்று பிடித்தேன். முதல் சுற்றிலேயே கீபோர்டுத் தம்பி கையை எடுத்துவிட்டான்.

“அண்ணே, நில்லுங்க. இது பேட்ல எத்தனையாவது நம்பர்?”

வரிசையாகத் தேடிப் பார்த்தோம். இல்லை. அவன் பாட்டைத் தொடரட்டும் என்று நான் கையைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தேன். நாலாவது சுற்றில் பின்பாதியைப் பிடித்துவிட்டான், முன்பாதியை விட்டுவிட்டான். வருகிற சனிக்கிழமையும் ஒத்திகை இருக்கிறது.